ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே போர்டா?

கோவை வடவள்ளியில் ஒரு மொட்டைமாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. பாய் விரித்து ஆறு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பவர்கள். வாரத்தில் மூன்று நாள் யாராவது ஒருவர் வீட்டில் ஏழு பிள்ளைகளும் கூடிப் படிப்பார்கள். ஒரு அப்பா எக்செல்லில் அட்டவணை போட்டு பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். பிள்ளைகள் பரீட்சை எழுதக்கூடிய வாரியங்கள், என்ஐஓஎஸ், கேம்பிரிட்ஜ், மாநில வாரியம் என்று மூன்று பத்தி. "இதுல ஒண்ண நீங்களே சொல்லிடுங்க சார், எல்லாரும் அதையே எடுத்துக்கறோம்" என்றார்.

பல வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு, இப்போது இந்த மாதிரிக் குழுக்களுக்கு வழி சொல்வதுதான் என் வேலை. போகிற இடமெல்லாம் இதே கேள்வி வரும். ஏழு பேரும் ஒரே பாடம் படித்தால் ஆளுக்கொரு பாடமாக அம்மா அப்பாக்கள் பிரித்துக்கொண்டு நடத்தலாம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரி. ஆனால் கூடிப் படிப்பது வேறு, எந்த வாரியத்தில் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்குவது என்பது வேறு. முதலாவதைக் குழுவாக முடிவு செய்யுங்கள். இரண்டாவதைப் பிள்ளைக்குப் பிள்ளை தனியாகப் பாருங்கள்.

அன்றைக்கு அந்த மாடியிலேயே பாருங்கள். ஒரு பெண்ணுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. ஒரு பையனின் அப்பா வேலை மாறி வெளிநாடு போகலாம். இன்னொருவன் நாள் முழுக்க வரைந்துகொண்டே இருப்பவன். கடைசிப் பெண்ணுக்கு 13 வயதுதான். இவர்களை ஒரே வண்டியில் ஏற்றினால் யாராவது ஒருவர் தப்பான ஊரில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலான குடும்பங்கள் கடைசியில் என்ஐஓஎஸ் பக்கம்தான் வருகின்றன. 1989-இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி அது, வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஒரு மொழியாவது உட்பட ஐந்து பாடம் போதும், தேர்ச்சிக்கு 33 மதிப்பெண். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு. ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. தமிழைப் பாடமாக எடுக்கலாம். செலவும் சில ஆயிரத்தில் முடிந்துவிடும்.

இந்தத் தாராளத்தில்தான் வழுக்குகிறார்கள். கணிதம் இல்லாமல், அறிவியல் இல்லாமல்கூட ஐந்து பாடத்தைத் தேர்ந்து பாஸாகலாம் என்றதும் பலருக்குக் கண் விரிகிறது. சில வருடம் முன்பு ஒரு பையன் ஓவியம், மனையியல், வணிகம் என்று எடுத்து நன்றாகவே தேறினான். அப்புறம் நண்பர்களோடு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர ஆசை வந்தது. போன பள்ளியில் மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கணக்கு எங்கே?" என்று கேட்டார்கள். பிறகு அந்தப் பாடத்தை மட்டும் பகுதிச் சேர்க்கையில் எழுதினான். ஒரு வருடம் போனது போனதுதான். கணக்கு வராத பிள்ளை என்றாலும், இரண்டு வருடம் மெதுவாகப் படித்தாவது பத்தாம் வகுப்பில் கணிதத்தை முடித்துவிடச் சொல்வேன். இதில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

இன்னொன்று டிஎம்ஏ எனப்படும் ஒப்படைப்புகள். ஒவ்வொரு பாடத்திலும் 20 விழுக்காடு அதில் இருக்கிறது. வீட்டில் எழுதி, கெடுவுக்குள் கொடுக்க வேண்டியது. ஆரம்பத்தில் ஒரு குழுவுக்கு இதை அழுத்திச் சொல்லாமல் விட்டேன். தப்பு என்னுடையதுதான். இரண்டு பிள்ளைகள் கெடுவைத் தவறவிட்டார்கள், அந்த 20 கையை விட்டுப் போனது. இப்போதெல்லாம் முதல் கூட்டத்திலேயே காலண்டரில் சிவப்பு மையில் எழுத வைத்துவிடுகிறேன்.

கால்நடை மருத்துவம் கேட்ட பெண்ணுக்கு என்ஐஓஎஸ் ஒத்துவரும். பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கையும் விடாமல் எடுக்க வேண்டும். செய்முறைத் தேர்வும் உண்டு. அதனால் சேரும் முன் படிப்பு மையத்தில் ஆய்வகம் நிஜமாகவே இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். பெயர்ப்பலகையை நம்ப வேண்டாம்.

பத்தாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ-யைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமலே, எழுதலாம். வெளிநாடு போகக்கூடிய பையனுக்கு அதுதான் வசதி. அறிவியலில் ஆய்வகத் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத்தாள் ஒன்றை எடுக்க முடியும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ஏ லெவலுக்குப் போனால் ஆய்வகத்தில் நின்று செய்துதான் ஆக வேண்டும். தனித்தேர்வரைச் சேர்த்துக்கொள்ளும் மையம் கிடைப்பதே கஷ்டம், பணமும் பல மடங்கு.

மாநில வாரியத்தில் தனித்தேர்வராக எழுத பதினான்கரை வயது ஆகியிருக்க வேண்டும். பள்ளியில் படிக்காத பிள்ளை முதலில் எட்டாம் வகுப்புத் தேர்வை எழுதித் தேற வேண்டும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும். இதைக் கடைசி நேரத்தில் கேள்விப்பட்டு ஓடியவர்கள் நிறைய. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும் கட்டாயம், பேரம் பேச இடமில்லை.

எந்த வாரியமானாலும் ஒரு விஷயம். தமிழ்நாட்டுக் கல்லூரிச் சேர்க்கையில், இங்கே பள்ளியில் படித்ததற்கான சான்றுகள் இல்லாத பிள்ளையிடம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். முன்கூட்டியே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடும் அப்படியே. இதைச் சொன்னதும் அன்று மாடியில் ஒரு அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஆனாலும் பின்னால் தெரிந்து வருத்தப்படுவதைவிட இது தேவலை.

சரி, கூடிப் படிப்பது எதை? அறிவியல், எழுத்து, தமிழ். கணக்கைத் தனியாக விட்டுவிடுங்கள், ஆளாளுக்கு வேகம் வேறு. மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசம். அவற்றை அடிப்படையாக வைத்தால் எந்த வாரியத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும். மிச்சத்தை அவரவர் கடைசி ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கூடிப் படிப்பது எப்படி என்று அன்று செய்தும் காட்டினேன். கொடிக்கம்பியில் ஒரு மீட்டர் நூல் கட்டி, நுனியில் கேட் பூட்டைத் தொங்கவிட்டோம். இருபது முறை ஆடி முடிக்க எவ்வளவு நேரம் என்று பிள்ளைகள் போனில் பார்த்தார்கள். 40 விநாடி. நூலைக் கால் மீட்டராகக் குறைத்ததும் 20. "பாதி நூலுக்குத்தானே பாதி நேரம் வரணும்?" என்று 13 வயதுக்காரி மடக்கினாள். பதிலை நான் சொல்லவில்லை. வரைகிற பையன் தரையில் கரித்துண்டால் கோடு போட்டுப் பார்க்க ஆரம்பித்தான், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஐஜிசிஎஸ்இ எழுதப்போகிறவனுக்கும் என்ஐஓஎஸ் எழுதப்போகிறவளுக்கும் அது ஒரே பாடம்தான்.

எக்செல் அப்பா தன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏழு பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். ஆறு பேருக்கு நேராக ஏதோ குறித்துக்கொண்டார், இரண்டு இடத்தில் கேள்விக்குறியோடு. கடைசிப் பெயருக்கு வந்ததும் பேனா நின்றது.

"இவளுக்கு என்னங்க சார் போடறது?"

"காலியா விடுங்க. பதிய இன்னும் வயசே ஆகலை."