லொகின் கியூ: தமிழில் என்ன சொல்லலாம்?

புதிய ஒன்லைன் கேம் ஒன்று வெளியான இரவு, வெள்ளவத்தையிலிருந்து தம்பி கோல் எடுத்தான். "அக்கா, இன்னும் போலிம்லதான் நிக்கிறன். எனக்கு முன்னால நாலாயிரம் பேர்."

போலிம் என்றால் கியூ; சிங்களத்திலிருந்து கொழும்புத் தமிழுக்கு வந்த சொல். 2022இல் பெற்றோல் செட் வாசலில் நாள்கணக்கில் நின்ற பிறகு அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கேமுக்குள் நுழையக் காத்திருக்கும்போது திரையில் வரும் 'கியூ' ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து போனது. அங்கே அதற்கு வால் என்று பொருள், மூலம் இலத்தீன். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பது வால் போலத் தெரிந்திருக்கிறது.

கேமை நடத்தும் கணினியான சேர்வர் ஒரே நேரத்தில் இத்தனை பேரைத்தான் தாங்கும் என்று கணக்கு உண்டு. அதை மீறி எல்லோரையும் உள்ளே விட்டால் வருவது நெரிசல்: உள்ளே இருப்பவர்களுக்கும் கேம் நின்றுபோகும். அதனால் மிச்சப் பேரை வாசலில் எண் கொடுத்து நிறுத்துகிறார்கள். ஒருவர் வெளியேறினால் ஒருவர் உள்ளே. சரி, சேர்வரைக் கூட்டினால் என்ன? முதல் வாரக் கூட்டம் வடிந்த பிறகு அவை வெறிச்சோடிக் கிடக்கும். நினைத்தாலும் கூட்ட முடியாத காலமும் இருந்தது. 2021 டிசம்பரில் 'ஃபைனல் ஃபன்டசி 14' கேமின் 'எண்ட்வோக்கர்' என்ற புதிய பகுதி வெளியானபோது, சிப் தட்டுப்பாட்டால் சேர்வர் வாங்க முடியாமல், சில வாரங்கள் புதிய விற்பனையையே நிறுத்திவைத்தார்கள். காசு கட்டி ஆடுபவர்களுக்கு இடம் விட, இலவசமாக ஆடுபவர்களை நெரிசல் நேரத்தில் வெளியே நிறுத்தினார்கள்.

இங்கேதான் 'வரிசை' என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கிறது. இன்று அது நிற்கும் ஒழுங்கு. பழந்தமிழில் ஒருவருக்கு உரிய தகுதி, சிறப்பு. புறநானூறு 121இல் கபிலர், நாலு திசையிலிருந்தும் பரிசிலுக்கு வருபவர்களுக்குக் கொடுப்பது எளிது, அவரவர் வரிசை அறிவதுதான் அரிது என்கிறார். சீர்வரிசையில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது. முதலில் வந்தவருக்கு முதல் இடமா, காசு கட்டியவருக்கா என்று கேம் நிறுவனங்கள் திணறும் கேள்வியின் இரண்டு பக்கமும் இந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன.

'காத்திருப்புப் பட்டியல்' என்ற மொழிபெயர்ப்பு சரிவராது. பட்டியலில் பேர் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். இங்கே தொடர்பு அறுந்தால் இடமே போய்விடலாம். அதனால்தான் நல்ல கேம்கள் அறுந்த பிறகும் சில நிமிடம் இடத்தைப் பிடித்து வைக்கின்றன. கரண்ட் போய் வரும் ஊரில் அது பெரிய உதவி. லொகினைப் 'புகுபதிகை' ஆக்கிய 'புகுபதிகை வரிசை' பொருளில் சரி, வாயில் நுழைவது கஷ்டம். நான் 'நுழைவு வரிசை' என்பேன். நெரிசல், நுழைவு, வரிசை மூன்றும் தம்பிக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள். அவனுடைய திரையில் இப்படி வந்தால் போதும்: "நுழைவு வரிசையில் உங்கள் இடம்: 4,112."