ஹெரெசி: சொல்லும் பொருளும்

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கையை ஆதரித்ததற்காகக் கலீலியோ 1633இல் தண்டிக்கப்பட்டதைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் சில, அவர்மீதான குற்றத்தை ‘மதநிந்தனை’ என்றும் ‘நாத்திகம்’ என்றும் குறிக்கின்றன. தீர்ப்பிலிருந்த சொல் ஹெரெசி. அது இவ்விரண்டும் அன்று.

ஹைரெசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தெரிந்தெடுத்தல் என்பதே முதற்பொருள். ஒருவர் விரும்பிச் சார்ந்த தத்துவப் பிரிவையும் அது குறித்தது. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பு, யூதச் சமயப் பிரிவினரான பரிசேயரையும் சதுசேயரையும் பழிப்பேதுமின்றி இச்சொல்லாலேயே சுட்டுகிறார். திருச்சபை தன் கோட்பாடுகளை வரையறுக்க வரையறுக்க, திருமுழுக்குப் பெற்ற ஒருவர் அவற்றுள் ஒன்றைப் பிடிவாதமாக மறுப்பது என்ற குற்றப்பொருள் இதற்கு உறுதிப்பட்டது. கடவுளை இகழ்வது மதநிந்தனை, கடவுளே இல்லையென்பது நாத்திகம். ஹெரெசியோ சபைக்கு உட்பட்டவர்மீது சாட்டப்படுவது.

இக்குற்றத்தை விசாரித்த திருச்சபை நீதிமன்றமான ரோமின் விசாரணை மன்றம் இச்சொல்லை அளந்தே கையாண்டது. 1616 பிப்ரவரியில் அதன் இறையியல் ஆலோசகர்கள், சூரியன் நடுவில் அசையாது நிற்கிறது என்ற கூற்றை வெளிப்படையான ஹெரெசி என்றும், பூமி அசைகிறது என்பதைக் குறைந்தபட்சம் விசுவாசத்தில் பிழை என்றும் கருத்துரைத்தனர். ஆனால் மார்ச் 5 அன்று இக்கொள்கை சார்ந்த நூல்கள்மீது வெளியான தடையாணையில் ஹெரெசி என்ற சொல் இடம்பெறவில்லை. மறைநூலுக்கு முற்றிலும் முரணான பொய்க்கொள்கை என்பதோடு அது நின்றுவிட்டது. 1633 ஜூன் 22 அன்று, 69 வயதுக் கலீலியோவுக்கு எதிராகப் படிக்கப்பட்ட தீர்ப்பும், அவரை ‘ஹெரெசி பற்றிய வன்மையான ஐயத்துக்கு உள்ளானவர்’ என்றே வகைப்படுத்தியது. ஐயத்திலேயே இலேசானது, வன்மையானது என்று படிகள் இருந்தன. வன்மையான ஐயத்துக்கு ஆளாகிக் கொள்கையைத் துறந்தவர் மறுபடி அதற்குத் திரும்பினால், மரணதண்டனைக்கு உரிய குற்றவாளியாகவே நடத்தப்படலாம். மண்டியிட்டு வாசித்த துறப்புரைக்குப் பிறகு, 1642இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் வாழ்ந்த அந்த முதியவரின் தலைக்குமேல் அந்த அச்சம் எப்போதும் இருந்திருக்கும் என்பதை மறக்கலாகாது. தம் கொள்கைகளைத் துறக்க மறுத்த இத்தாலியத் தத்துவஞானி புரூனோவை 1600இல் ரோமில் உயிரோடு எரித்திருந்தார்கள். அவர்மீதான குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவை இறையியல் சார்ந்தவை.

தமிழில் இச்சொல்லுக்கு இணைகள் பழையவை. புராட்டஸ்டண்டுப் பிரிவான லுத்தரன் சபையாரை மறுத்து வீரமாமுனிவர் எழுதிய நூல் ‘பேதகமறுத்தல்’. கத்தோலிக்கர் வழக்கில் ‘தப்பறை’ என்பதும், அதைப் பற்றி நிற்பவரைக் குறிக்கப் ‘பதிதர்’ என்பதும் உண்டு. இன்றைய பொதுவாசகருக்குத் ‘திரிபுக்கொள்கை’ பொருந்தும்: சபையின் போதனையிலிருந்து திரிந்தது என்ற குறிப்பு அதில் தெளிவாக உள்ளது. அது குற்றம் சாட்டுவோர் பார்வையிலான சொல்தான், ஹெரெசியும் அவ்வாறே. ஆகவே கலீலியோ வழக்கை எழுதுவோர், ‘திரிபுக்கொள்கை உடையவர் என வன்மையாக ஐயுறப்பட்டார்’ என்று எழுதினால் தீர்ப்பின் வாசகம் சிதையாது.