ஸ்பின்: சுழலாத ஒன்றுக்குச் சுழற்சி என்று பெயர்

காந்தத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே ஒரு சொல் வழிமறிக்கிறது. எலக்ட்ரானுக்கு நிறை உண்டு, மின்னூட்டம் உண்டு, கூடவே ‘ஸ்பின்’ என்ற ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைத் தற்சுழற்சி என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் கறங்கல் என்று இருக்கும். வெறும் சுழற்சி என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் எது பொருந்தும் என்று சொல்வதற்கு முன், அந்த ஆங்கிலச் சொல்லுக்கே அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம்.

ஸ்பின் என்ற வினைக்கு முதலில் இருந்த பொருள் நூல் நூற்பது. பஞ்சை இழுத்து முறுக்கி இழையாக்கும் வேலை. சிலந்தியைக் குறிக்கும் ‘ஸ்பைடர்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான், நூற்பவள் என்ற பொருளில். நூற்கும்போது தக்கிளி விர்ரென்று சுற்றுகிறதல்லவா, அதைப் பார்த்துத்தான் வேகமாகச் சுற்றுவது என்ற பொருள் பின்னாளில் ஒட்டிக்கொண்டது. கையில் பிறந்த சொல் இது. இயற்பியலுக்குள் வந்தபோது அந்தச் சுற்றும் பொருளோடுதான் வந்தது.

ஆனால் சொல் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே பொருள் கண்ணில் பட்டுவிட்டது. 1922 பிப்ரவரியில், ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில், ஓட்டோ ஸ்டெர்னும் வால்தர் கெர்லாக்கும் திட்டமிட்ட சோதனை பலன் தந்தது. அடுப்பில் ஆவியான வெள்ளி அணுக்களை மெல்லிய கற்றையாக்கி, ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கும் காந்தப்புலத்தின் வழியே அனுப்பி, எதிரே கண்ணாடித் தகட்டில் படியவிட்டார்கள். அணுக்கள் எந்தத் திசையில் வேண்டுமானாலும் சாய்ந்த சின்னஞ்சிறு காந்தங்கள் என்றால், தகட்டில் ஒரே தீற்றலாக விழுந்திருக்க வேண்டும். விழுந்தவை இரண்டு கோடுகள். நடுவில் வெற்றிடம், சுமார் 0.2 மில்லிமீட்டர். படிந்த வெள்ளியோ கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. தகட்டை முகத்தருகே பிடித்துப் பார்த்தபோது, தான் பிடித்திருந்த மலிவான சுருட்டின் புகையிலிருந்த கந்தகம் பட்டு வெள்ளி கறுத்துத் தடம் தெரிந்தது என்று ஸ்டெர்ன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேல், கீழ் என்று இரண்டே விடை. இடைப்பட்ட எதுவும் இல்லை. அதுதான் ஸ்பின் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

1925இல் லைடனில் ஜார்ஜ் ஊலன்பெக், சாமுவேல் கௌட்ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்கள், எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது என்று வைத்தால் அணு நிறமாலையின் புதிர்கள் அவிழும் என்று எழுதினார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் ரால்ஃப் குரோனிக் என்பவருக்கும் இதே எண்ணம் தோன்றியிருந்தது. இயற்பியலாளர் பவுலி ஏற்கவில்லை, அதனால் குரோனிக் வெளியிடாமல் விட்டுவிட்டார். லைடன் இளைஞர்கள் மூத்த இயற்பியலாளர் லொரன்ஸிடம் காட்டியபோது அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவ்வளவு சிறிய எலக்ட்ரான் அந்த அளவு கோண உந்தத்தை, அதாவது சுழற்சியின் அளவை, சுற்றிச் சுற்றியே பெற வேண்டுமானால், அதன் மேற்பரப்பு ஒளியைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். நடக்காத காரியம். இருவரும் பதறிக் கட்டுரையைத் திரும்பப் பெறப் போனார்கள். அவர்களுடைய பேராசிரியர் எரன்ஃபெஸ்ட் அதை ஏற்கெனவே இதழுக்கு அனுப்பிவிட்டிருந்தார். நீங்கள் இருவரும் இளையவர்கள், ஒரு அசட்டுத்தனம் செய்தால் தாங்கும் என்று அவர் ஆறுதல் சொன்னதாக வரலாறு.

லொரன்ஸின் கணக்கு சரி. எலக்ட்ரானுக்குள் எதுவும் சுற்றவில்லை. பம்பரத்தை வேகமாகச் சுற்றலாம், மெதுவாகவும் சுற்றலாம், நிறுத்தவும் செய்யலாம். எலக்ட்ரானின் ஸ்பின்னைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. மின்னூட்டத்தைப் போல அது கூடப்பிறந்தது. இன்னொரு விந்தையும் உண்டு. பம்பரம் ஒரு முழுச்சுற்றில், அதாவது 360 பாகையில், பழைய நிலைக்கு வந்துவிடும். எலக்ட்ரானின் நிலையோ 720 பாகை திரும்பினால்தான் பழையபடி ஆகும். இதைக் கையாலேயே உணரலாம். உள்ளங்கையில் ஒரு புத்தகத்தைக் கிடையாக வைத்து, அது சாயாதபடி கக்கத்துக்கு அடியில் உள்முகமாக ஒரு முழுச்சுற்று திருப்புங்கள். புத்தகம் பழைய இடத்துக்கு வந்திருக்கும், கை முறுக்கிக்கொண்டு நிற்கும். அதே திசையில் தலைக்கு மேலாக இன்னொரு சுற்று. இப்போது கையும் நேராகிவிடும். இந்த இரட்டைச் சுற்று வெறும் கணிதம் அல்ல. அணுக்கருவில் உள்ள நியூட்ரானுக்கும் எலக்ட்ரானின் அதே அளவு ஸ்பின்தான், அரை. அதை வைத்து 1975இல் செய்த சோதனைகள் இது உண்மை என்று காட்டின.

அப்படியானால் சுழற்சி என்ற பெயரே பொய்யா? முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியாது. ஐன்ஸ்டைனும் தே ஹாஸும் 1915இல் ஒரு இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, அதன் காந்தத் திசையை மாற்றிப் பார்த்தார்கள். கம்பி தானாகத் திரும்பியது. இரும்பின் காந்தம் பெரும்பாலும் எலக்ட்ரான்களின் ஸ்பின்னால் வருவது என்று இன்று தெரியும். அவை ஒன்றாகப் புரளும்போது அந்தக் கோண உந்தத்தை ஈடுசெய்யக் கம்பியே சுழல்கிறது. தான் சுற்றாத ஒன்று, கண்முன்னே ஒரு கம்பியைச் சுற்ற வைக்கிறது! எனக்கு இயற்பியலில் இதைவிட அழகான சோதனை இல்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். தற்சுழற்சி என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ‘தன்’ என்ற பாதி முற்றிலும் சரி. வெளியிலிருந்து வந்ததல்ல, தனக்கே உரியது என்பதை அது சொல்லிவிடுகிறது. ‘சுழற்சி’ என்ற பாதிதான் படிப்பவரை வழிதவறச் செய்கிறது. தமிழ்க் கலைச்சொல்லுக்கு ஒரு குணம் உண்டு: திறந்து பார்த்தால் உள்ளே ஒரு படம் தெரியும். ஒளிச்சேர்க்கை என்றதும் ஒளியும் தெரிகிறது, சேர்வதும் தெரிகிறது. பெரும்பாலும் இது வரம். ஸ்பின் விஷயத்தில் அந்தப் படமே தவறு. போதாததற்குப் பூமி தன் அச்சில் சுற்றுவதையும் தற்சுழற்சி என்றே சொல்கிறோம். அது நிஜமாகவே சுற்றுகிறது.

கறங்கல் பழைய சொல். கறங்குதல் என்றால் சுழலுதல், ஒலித்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. சங்கப் பாடல்களில் வரும் ‘கறங்கு வெள்ளருவி’ ஒலிக்கும் அருவி. காற்றில் சுற்றும் விளையாட்டுப் பொருளுக்கும் கறங்கு என்று பெயர். இன்று பேச்சில் இந்தச் சொல் அநேகமாக இல்லை. அதனாலேயே படிப்பவர் மனத்தில் பம்பரம் உடனே எழுவதில்லை. சொல்லின் அடியில் சுழலும் பொருள் தங்கியிருக்கிறது, அந்த இரும்புக் கம்பிக்கு அதுவும் வேண்டும்தானே.

காந்தம் என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. வடமொழியில் அது அயஸ்காந்தம். அயஸ் இரும்பு, காந்தம் விரும்பப்படுவது. இரும்பின் பிரியத்துக்குரியது என்று பொருள். தமிழில் இரும்பு உதிர்ந்துபோய்ப் பிரியம் மட்டும் தங்கிவிட்டது. மேக்னட் என்பதோ மக்னீசியா என்ற ஊர்ப்பெயரில் வந்தது.

சரி, இவ்வளவு நுணுக்கம் எதற்கு? ஸ்பின் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து வெகுநாளாகிறது. அதே பிராங்க்ஃபர்ட்டில், 1960களில், பறவை ஆய்வாளர் வொல்ஃப்காங் வில்ச்கோ ஐரோப்பிய ராபின்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார். வலசைக் காலம் வந்தால் இந்தச் சிறு பறவை இரவில் கூண்டுக்குள்ளும் அமைதியாக இருக்காது, போக வேண்டிய திசையை நோக்கித் தாவிக்கொண்டே இருக்கும். நட்சத்திரம் தெரியாத அறையிலும் திசை தப்பவில்லை. சுற்றிலும் கம்பிச்சுருள் வைத்துக் காந்தப்புலத்தைத் திருப்பினால் பறவையும் திரும்பியது. 1972இல் இன்னும் வியப்பான ஒன்று தெரிந்தது. புலத்தை முழுவதுமாகத் தலைகீழாக்கினால் காந்த ஊசி புரண்டுவிடும், ராபினோ கண்டுகொள்ளவே இல்லை. புலக்கோடு தரையோடு சாயும் கோணத்தைத்தான் அது பார்க்கிறது. அப்புறம் இன்னொன்று: நீல, பச்சை ஒளியில் திசை தெரிகிற வலசைப் பறவைகளுக்குச் சிவப்பு ஒளியில் தெரியவில்லை. ஊசிக்கு எதற்கு நிறம்?

இதற்கு இயற்பியலாளர் கிளாஸ் ஷுல்டன் 1978இல் ஒரு வழி சொன்னார். ஒளி பட்டு ஒரு மூலக்கூறில் எலக்ட்ரான் இடம் மாறினால், துணையிழந்த இரண்டு எலக்ட்ரான்கள் மிஞ்சும். அவற்றின் ஸ்பின்கள் எதிரெதிராக இருப்பது ஒற்றை நிலை, ஒத்திசைந்திருப்பது மும்மை நிலை. இரண்டுக்கும் இடையே அந்த இணை ஊசலாடும். பூமியின் காந்தப்புலம் மிகவும் மெலிது, 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான். அதன் ஆற்றல் மூலக்கூறுகளின் வெப்ப அதிர்வில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் ஊசலின் போக்கை அது சற்றே மாற்றிவிட முடியும், மாறினால் வேதிவினையின் முடிவும் மாறும். இதற்கு ஏற்ற மூலக்கூறு கிரிப்டோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் என்று 2000இல் ஷுல்டனும் தோர்ஸ்டன் ரிட்ஸும் முன்வைத்தார்கள். அந்தக் கிரேக்கப் பெயரை மறைநிறமி என்று தமிழாக்கலாம். 2021இல் ராபினின் கண்ணில் உள்ள கிரிப்டோகுரோம்-4 புரதத்தைத் தனியே செய்து சோதித்தபோது, அது காந்தப்புலத்தை உணர்ந்தது. வலசை போகாத கோழி, புறா ஆகியவற்றின் புரதத்தைவிடக் கூடுதலாகவே உணர்ந்தது. உயிருள்ள பறவையின் கண்ணுக்குள்ளும் இதே நடக்கிறது என்பது இன்னும் நிறுவப்பட வேண்டும்.

இந்தப் புரதக் குடும்பத்தின் முன்னோர்கள், புறஊதாக் கதிரால் கெட்ட டிஎன்ஏவை நீல ஒளியின் துணையோடு சரிசெய்த நொதிகள். பழுதுபார்க்க வந்தது உடலுக்குள் பகல் இரவைக் கணக்கிடும் கடிகாரத்தின் உறுப்பாயிற்று, பறவையிடம் திசைகாட்டியாகவும் ஆகியிருக்கலாம். பரிணாமத்தைக் குறிக்கும் படிமலர்ச்சி என்ற சொல் இந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது. இலங்கை வழக்கான கூர்ப்பும் நல்ல சொல்லே. 2014இல் வெளியான ஆய்வொன்றில், ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக வளாகத்தில் மரக்குடிலுக்குள் இருந்த ராபின்கள் திசை தெரியாமல் தடுமாறின. குடிலை அலுமினியத் தகட்டால் மூடித் தரையிணைப்புக் கொடுத்ததும் திசை திரும்பக் கிடைத்தது. நகரத்தின் மின்சாதனங்கள் கசியவிடும் மெல்லிய மின்காந்த இரைச்சலே காரணம். காந்த ஊசியை அசைக்கக்கூட அதற்கு வலு கிடையாது. இப்படி எலக்ட்ரானின் ஸ்பின் சூழலியலுக்குள் வந்துவிடுகிறது.

சூழல், சுழல். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. சுழி, சுழல், சூழ் எல்லாம் ஒரே குடும்பம். ஆற்றுச் சுழியும், மூன்றுசுழி ணகரமும், நம்மைச் சூழ்ந்திருக்கும் எல்லாமும் வளைந்து சுற்றிவருவது என்ற ஒரே அடிப்பொருளில் நிற்கின்றன. ஹேக்கல் 1866இல் ஈகாலஜி என்ற சொல்லை வீடு என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். தமிழ் அதை வீடாகப் பார்க்கவில்லை, சுற்றியிருப்பதாகப் பார்த்தது. சூழலியல் என்ற பெயரை நான் மிகவும் நேசிக்கிறேன்.

தற்சுழற்சி பழகிய சொல், மாணவர்கள் எழுதும் சொல், அதை யாரும் விட வேண்டியதில்லை. முதல்முறை எழுதும்போது, இது நிஜச் சுழற்சி அல்ல என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நான் எழுதும்போது கறங்கல் என்றே எழுதுகிறேன். கலைச்சொல் இன்னொரு சொல்லோடு சேர்ந்து நடக்க வேண்டும். கறங்கு நிலை, கறங்கெண், கறங்கிணை என்று இது எளிதாகச் சேர்கிறது. தற்சுழற்சியைப் போட்டால் ஒவ்வொன்றும் நீண்டுவிடுகிறது. ராபினை வைத்தே சொல்லிப் பாருங்கள்: நீல ஒளி பட்டதும் மறைநிறமியில் ஒரு கறங்கிணை பிறக்கிறது; ஒற்றை நிலைக்கும் மும்மை நிலைக்கும் இடையே அது ஊசலாடுகிறது; பறவை தலையைத் திருப்பினால் ஊசல் மாறுகிறது.