மேலே மிதக்கும் எண்ணெய்: வீட்டில் பே ரம் கலக்குமுன்

ஸ்காபரோவில் எங்கள் மருந்தகத்துக்கு ஒரு தம்பி கழுத்துப்பட்டியைத் தூக்கி விட்டபடி வந்தான். கன்னமும் தாடையும் சிவந்திருந்தன, கழுத்தில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். இரண்டு நாளில் அண்ணனின் கல்யாணம், இவன்தான் மாப்பிள்ளைத் தோழன்.

"அக்கா, எரியுதுதான். ஆனா எரிஞ்சாத்தானே கிருமி சாகும்?"

என்ன பூசினாய் என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தான். தானே செய்த பே ரம், அதாவது சவரம் செய்த பிறகு முகத்தில் தட்டுகிற, பே இலை வாசனை கலந்த மதுசார நீர். கல்யாணத்துக்கு வரும் நண்பர்களுக்குக் கொடுக்க இன்னும் 12 போத்தல் வீட்டில் இருந்ததாம். 2023 முதல் ஒன்ராறியோவில் தோல் அழற்சி போன்ற சில சிறு நோய்களுக்கு மருந்தாளர்களே மருந்து எழுதலாம் என்பதால் இப்படிப்பட்ட முகங்கள் நேரே எங்களிடம் வருகின்றன. இது மட்டும் எனக்குப் புதிது.

அவனுக்கு இந்த ஆசை எக்ளிங்டன் மேற்கில், 'லிட்டில் ஜமெய்க்கா' என்று சொல்லும் பகுதியில் ஒரு முடிதிருத்தும் கடையில் பிடித்திருக்கிறது. சவரம் முடிந்ததும் உள்ளங்கையில் ஊற்றித் தட்டினார்களாம். கராம்பும் ரம்மும் கலந்த அந்த வாசனை யாருக்குத்தான் பிடிக்காது? கரீபியன் வீடுகளில் காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் நெற்றியில் தடவுவதும் இதைத்தான். நம்மவர் யூக்கலிப்டஸ் தைலப் போத்தலைத் தேடுகிற மாதிரி.

பே ரம்முக்கு உரிய இலை பிமென்டா ரசிமோசா என்ற மேற்கிந்திய மரத்தினுடையது. புரியாணிக்குப் போடும் இலை வேறு. அதில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், வாசனை கறுவாப் பக்கம் சாயும். இத்தாலியச் சமையலின் லோரல் இலையும் வேறு, அது யூக்கலிப்டஸ் மாதிரி மணக்கும். கடையில் மூன்றையுமே 'பே' என்றுதான் விற்கிறார்கள். எண்ணெய்ப் போத்தல் வாங்கும்போது தாவரவியல் பெயரைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

இந்தச் சரக்கை ஊரறியச் செய்தவர்களில் ஒருவர் எங்கள் தொழில்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ரீசே என்ற டென்மார்க்கு மருந்தாளர் 1838இல் செயின்ட் தோமஸ் தீவுக்குப் போய் மருந்துக்கடை நடத்தினார், பே ரம்மும் செய்து விற்றார். அப்போது டென்மார்க்கிடம் இருந்த அந்தத் தீவை 1917இல் அமெரிக்கா வாங்கியது. இன்று இந்த இலை எண்ணெய்க்குப் பேர்போன இடம் டொமினிக்கா. அங்கே எண்ணெய் வடிப்புக்குப் பெயர்பெற்ற பெற்றிற் சவான் கிராமம் 2015 ஓகஸ்டில் எரிக்கா புயலில் சிதைந்துபோனது, சனங்களை வேறு இடத்தில் குடியேற்ற வேண்டியதாயிற்று.

சரி, தம்பியின் போத்தலுக்கு வருவோம். 100 மில்லி வொட்காவில் ஒரு தேக்கரண்டி பே எண்ணெய். அதோடு கராம்பு எண்ணெய் "கொஞ்சம்", பிழிந்த தேசிக்காயின் தோல். ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லி. பழைய அமெரிக்க மருந்து நூலில் இதே சரக்குக்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு லீற்றருக்குப் பே எண்ணெய் 8 மில்லி, தோடம்பழத்தோல் எண்ணெயும் பிமென்டோ (ஓல்ஸ்பைஸ்) எண்ணெயும் அரை அரை மில்லி, மதுசாரம் 610 மில்லி, மீதி தண்ணீர். எல்லா எண்ணெயையும் கூட்டினாலும் நூற்றுக்கு ஒன்று வரவில்லை. தம்பியுடையது ஐந்தைத் தாண்டி விட்டது.

அதைவிட மோசமான ஒன்றை அவன் கவனிக்கவில்லை. போத்தலை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். மேலே மெல்லிய மஞ்சள் வளையமாக எண்ணெய் மிதந்தது. வொட்காவில் மதுசாரம் 40 சதவீதம்தான், இவ்வளவு எண்ணெய் அதில் கரையாது. குலுக்கினால் பால் மாதிரி கலங்கும், வைத்துவிட்டால் பிரியும். போத்தலைச் சரிக்கும்போது முதலில் கைக்கு வருவது அந்த மேல் வளையம். அதாவது, பிளேடு அப்போதுதான் மேல்தோலைச் சுரண்டிவிட்டுப் போன முகத்தில் தினமும் காலையில் அவன் தட்டியது ஏறக்குறைய வெறும் எண்ணெய்.

பே எண்ணெயில் ஏறக்குறைய பாதி யூஜினோல். பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைக்கும் கராம்பு எண்ணெயில் இருக்கிற அதே பொருள். சிலருடைய உடம்பு இதைச் சில கிழமை பொறுத்துக்கொண்டு, பிறகு எதிரி என்று குறித்து வைத்துவிடும். தம்பி மூன்று கிழமையாகப் பூசியிருக்கிறான். "முதல் இரண்டு கிழமை ஒண்டும் செய்யேல்லையே அக்கா" என்றான். ஒவ்வாமை அப்படித்தான் வரும். பூசியவுடன் எரிந்து ஐந்து நிமிடத்தில் அடங்கினால் அது பெரும்பாலும் மதுசாரத்தின் எரிச்சல். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அரித்து, தடித்து, நீர் கோர்த்தால் அது வேறு கதை. ஒருமுறை அது வந்துவிட்டால் பொதுவாக ஆயுளுக்கும் போகாது.

தேசிக்காய்த் தோலிலும் அதைப் பிழிந்தெடுத்த எண்ணெயிலும் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுடும் பொருள் இருக்கிறது. கோடையில் கன்னத்தில் கைவிரல் தடம் மாதிரிக் கறுப்பு விழும், மாறப் பல மாதம் எடுக்கும். வாசனை வேண்டுமென்றால் தோடம்பழத் தோல் போதும்.

இத்தனைக்கும் தம்பி கெட்டிக்காரன் என்றுதான் சொல்வேன். குடிக்கிற வொட்காவில் செய்தானே! மலிவாகக் கிடைக்கிறது என்று மெதைல் ஹைட்ரேட் வாங்கிக் கலக்கலாமா என்று தொலைபேசியில் என்னிடம் கேட்டவர் உண்டு. கனடாவில் வன்பொருள் கடையில் பெயின்ற் அடுக்கில் அந்தப் பெயரில் நிற்பது மெதனோல். கார்க் கண்ணாடி கழுவும் நீல நீரில் இருப்பதும் அதுதான். தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், கண்பார்வையைக் கெடுக்கும், ஆளையும் கொல்லும். நாங்கள் விற்கும் ஐசோபுறொப்பைல் மதுசாரம் அந்தளவுக்குக் கொடியதல்ல, ஆனால் முகத்தை வறட்டிவிடும், அதன் ஆஸ்பத்திரி மணம் கராம்பையும் தோற்கடிக்கும்.

செய்யத்தான் வேண்டும் என்றால் எண்ணெயை விட்டுவிட்டு இலையைப் பிடியுங்கள். கரீபியன் கடைகளில் காய்ந்த இலை பைக்கற்றில் கிடைக்கும். ஜமெய்க்காவின் 63 சதவீத வெள்ளை ரம் 200 மில்லி எடுங்கள். கறுப்பு ரம்மும் மசாலா ரம்மும் இனிப்புச் சேர்ந்தால் முகத்தில் பிசுபிசுக்கும். ஆறேழு இலை, பிமென்டோ நாலைந்து மணி, விரல் நுனியளவு கறுவா, கராம்பு ஒன்று அல்லது இரண்டு. கறுவா கூடினால் அதுவே தோலைக் குத்தும். கண்ணாடிப் போத்தலில் இருட்டில் இரண்டு கிழமை வைத்து, கோப்பி வடிகடதாசியில் வடித்து, 4 மில்லி கிளிசரின் சேருங்கள். எண்ணெய் வளையம் தெரிந்தால் பூசாதீர்கள். அடுப்பில் வைத்துச் சூடாக்கச் சொல்லும் செய்முறைகள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். ரம்மின் ஆவி தீப்பிடிக்கும்.

வடித்ததை நேரே முகத்துக்குக் கொண்டு போகாமல் முழங்கை மடிப்பில் ஒரு கிழமை காலையும் மாலையும் தடவிப் பாருங்கள். முகப்பருவுக்கு ட்ரெட்டினோயினோ பென்சோயில் பெரொக்சைட்டோ பூசுகிறவர்களுக்கு இந்த விளையாட்டே வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எண்ணெய்ப் போத்தலைப் பூட்டி வையுங்கள். இரண்டு தேக்கரண்டிக்கும் குறைந்த கராம்பு எண்ணெயைக் குடித்துக் குழந்தைகளின் ஈரல் பழுதான சம்பவங்கள் மருத்துவப் பதிவில் இருக்கின்றன.

தம்பிக்கு மென்மையான ஸ்டெரொயிட் களிம்பு கொடுத்து, சவரத்தை நிறுத்தச் சொன்னேன். கல்யாணப் படத்தில் இரண்டு நாள் தாடியோடு நிற்கிறான், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு தோல் மருத்துவர் முதுகில் ஒட்டிச் சோதித்ததில் யூஜினோல் உறுதியானது. அவனுடைய அம்மா என்னிடம் வந்து, இனி இறைச்சிக்கறிக்குக் கராம்பு போடக்கூடாதா என்று கவலைப்பட்டார். சாப்பிட்டு ஒன்றும் செய்யாவிட்டால் போடுங்கள், ஆனால் பல்மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவர்கள் பல்லை அடைக்கும் சில பசைகளில் யூஜினோல் இருக்கிறது என்றேன்.

தம்பி போன மாதமும் வந்தான். கையில் கடையில் வாங்கிய பே ரம் போத்தல். "இது கொம்பனிச் சாமான் அக்கா, பூசலாம்தானே?" என்றான். போத்தலைத் திருப்பி, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த அந்த ஒரு சொல்லை விரல் வைத்துக் காட்டினேன்.