வெண்கலக் கிண்ணமும் தகரக் கூரையும்

கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில், ஒரு வீட்டு மாடியில் 'சவுண்ட் ஹீலிங்' (ஒலியால் உடம்பையும் மனதையும் ஆற்றுவதாம்) என்று கூப்பிட்டார்கள். போனேன். பாயில் படுக்கவைத்து, கம்பளியைப் போர்த்தி, தலைமாட்டில் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினார் ஒரு தம்பி. "மூளை அலையையே மாத்திடும்ணே" என்றார். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன், அது உண்மை. ஆனால் காரணம் அதுதானா?

அந்த ஒலி ஒரே சீராக வரவில்லை; 'வோங்... வோங்' என்று ஏறி இறங்கியது. கையால் அடித்துச் செய்த கிண்ணம் துல்லியமான வட்டமாக இருக்காது. அதனால் ஒரே தட்டுக்கு மிக நெருங்கிய இரண்டு சுருதிகள் கிளம்பும். ஒன்று நொடிக்கு 200 முறையும் மற்றது 204 முறையும் அதிர்ந்தால், ஒலி நொடிக்கு 4 முறை ஏறி இறங்கும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிறவர்கள் காதால் தேடிப்பிடித்து ஒழிப்பதும் இதைத்தான்.

இந்தத் துடிப்பை மூளை அப்படியே பின்பற்றும் என்பதுதான் ஹீலிங்காரர்களின் வாதம். 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். நிம்மதியாக இருக்கும்போது தலைதூக்கும் ஆல்பா அலை நொடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும். சரி, தாளம் கேட்டால் மூளையின் கேட்கும் பகுதி கூடவே துடிப்பது உண்மைதான். மொத்த மூளையும் அதன் பின்னால் போகிறதா என்றால், ஆய்வுகள் ஒருமுகமாக ஆமாம் என்று சொல்லவில்லை. அதுவும் போக, சும்மா கண்ணை மூடினாலே ஆல்பா கூடிவிடும். பெர்கரே பார்த்தது அது. நானும் கண்ணை மூடித்தானே கிடந்தேன்?

எனக்கு மூச்சின் மேல்தான் சந்தேகம். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள்: மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், மெல்ல விடும்போது தளரும். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துக்குப் போடும் கடிவாளம் அது. கிண்ண ஒலி கரைந்து மறைய வெகுநேரம் ஆகிறது. கேட்கிறவர் மூச்சும் தன்னையறியாமல் கூடவே நீள்கிறது.

அப்புறம் காது. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்குக் கிடையாது. தூக்கத்திலும் மூளை ஒலியைக் காவல் காக்கும். சீரான ஒலியைச் சீக்கிரமே பொருட்படுத்தாமல் விட்டுவிடும். திடீர் ஒலி என்றால், மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா விழித்து இதயத்தை விரட்டும்.

அன்றிரவு தங்கிய அறையின் தகரக் கூரையில் மழை விடாமல் பெய்தது. கொண்டை ஊசி வளைவில் அடிக்கும் ஹாரன்கூட அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது. அசந்து தூங்கினேன். விடிகாலையில் மழை விட்டதும், ஒரு காட்டுமாடு வாசலில் இருந்த தகரக் குப்பைத்தொட்டியை உருட்டிவிட்டது. நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்தேன்.