மெட்டல்கோர்: அந்தக் 'கோர்' எங்கிருந்து வந்தது?

கன்வெர்ஜ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ஜேன் டோ' இசைத்தொகுப்பைப் பற்றி நாலு வரி எழுத உட்கார்ந்தவன் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். "மெட்டல்கோர் குழு" என்று எழுதியாயிற்று. சரி, இதற்குத் தமிழ் என்ன? சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'உலோகமையம்' என்று வரும். தொழிற்பேட்டையில் ஏதோ பட்டறை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மாதிரி இருக்கிறது.

மெட்டல்கோர் ஒட்டுப்போட்ட சொல், ஓர் இசை வகையின் பெயர். கனத்த கிடார் ஒலிக்கும் ராக் இசையான ஹெவி மெட்டலில் இருந்து 'மெட்டல்', பங்க் என்ற முரட்டு ராக் இசையின் கிளையான ஹார்ட்கோர் பங்க்கில் இருந்து 'கோர்'. ஒட்டும்போது 'ஹார்ட்' உதிர்ந்துவிட்டது. அதனால் இங்கே கோர் என்பதற்கு 'மையம்' என்று பொருள் கொள்ளவே கூடாது; ஹார்ட்கோர் என்ற முழுச் சொல்லின் சுமையையும் அந்த அரைச் சொல்தான் தூக்குகிறது.

மெட்டல் பாதி அவ்வளவு சிக்கல் இல்லை. கிரேக்கத்தில் 'மெட்டல்லோன்' என்றால் சுரங்கம். தோண்டும் இடத்தின் பெயர், தோண்டி எடுத்த பொருளுக்கு ஆகிவந்தது. தமிழில் 'உலோகம்' வடமொழி வழி வந்த சொல். அதற்கு முன்பே நம்மிடம் 'பொன்' இருந்தது, தங்கத்துக்கு மட்டுமல்ல, உலோகம் எல்லாவற்றுக்கும். ஐம்பொன் சிலை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பொன்தான். இரும்புக்குக் கரும்பொன் என்று பெயர். ஆனால் மெட்டலைப் 'பொன்னிசை' ஆக்கினால் நகைக்கடை விளம்பரப் பாட்டு என்று நினைப்பார்கள். வேண்டாம்.

ஹார்ட்கோர் கதைதான் சுவையானது. பிரிட்டனில் அது முதலில் கட்டட வேலைச் சொல்: அஸ்திவாரத்துக்கும் சாலைக்கும் அடியில் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கும் உடைந்த செங்கல், கல். அப்புறம், ஒரு கூட்டத்தில் எதற்கும் அசையாத ஆட்களைக் குறித்தது. 1981இல் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த டி.ஓ.ஏ. என்ற பங்க் குழு 'ஹார்ட்கோர் 81' என்று தன் தொகுப்புக்குப் பெயர் வைத்தது. வேகமான, முரட்டுத்தனமான பங்க் இசைக்கு அந்தப் பெயர் நிலைக்க அதுவும் ஒரு காரணம். 1990களில் அமெரிக்க ஹார்ட்கோர் குழுக்கள் மெட்டலின் கனத்த கிடார் வாசிப்பை அள்ளிக்கொள்ள, மெட்டல்கோர் பிறந்தது.

அந்த 'கோர்'தான் நம் காழ்.

பூவரச மரத்தைக் குறுக்கே அறுத்த துண்டைப் பாருங்கள். ஓரத்தில் வெளிறிய வளையம், நடுவில் கரும்பழுப்பு. அந்த நடுக்கட்டையை வைரம், சேகு என்கிறோம். பழைய தமிழில் அது காழ். தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் பிரிப்பதே இதை வைத்துத்தான்: வெளியே காழ் உள்ளவை புல், உள்ளே காழ் உள்ளவை மரம். பனை அந்தக் கணக்கில் புல். அதன் உறுதியெல்லாம் வெளிப்பக்கம், உள்ளே சோறு. ஆக, 'அகக்காழ்' என்றால் அப்பட்டமாக ஹார்ட்கோர்! பழத்தின் கொட்டைக்கும் காழ் என்று பெயர் உண்டு; ஆங்கிலத்திலும் ஆப்பிளின் நடுப்பகுதி 'கோர்'தான். இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

இன்னொன்று. காழ்த்தல் என்றால் முற்றி இறுகுதல். முள்மரத்தை இளசாகவே வெட்டு, 'காழ்த்த' பிறகு வெட்டப் போனால் கையைப் பதம் பார்க்கும் என்கிறது குறள். மனத்துக்குள் அப்படி முற்றி இறுகிய வெறுப்புதான் காழ்ப்பு. காழ்ப்புணர்ச்சி என்று அரசியல் மேடையில் அன்றாடம் அடிபடும் சொல்லின் வேர் மரத்துக்குள் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு 'ஜேன் டோ'வுக்குத் திரும்பலாம். மாசசூசெட்ஸின் சேலம் நகரத்துக் குழு. தொகுப்பு வெளியானது 2001 செப்டம்பரில். அமெரிக்காவில் பெயர் தெரியாத பெண்ணுக்கும் அடையாளம் தெரியாத பெண் உடலுக்கும் இடும் பெயர் ஜேன் டோ. பாடகர் ஜேக்கப் பேனன் எழுதியிருப்பது முறிந்துபோன ஓர் உறவைப் பற்றி. மெட்டல்கோர் என்றதும் பலர் எதிர்பார்ப்பது பிரேக்டவுன், அதாவது பாட்டு சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கி, கிடாரும் டிரம்மும் ஒரே அடியாய் விழும் இடம். இங்கே அந்தச் சூத்திரம் நிற்கவில்லை. மெதுவாய், தூரத்தில் கேட்பதுபோல் ஒரு பாட்டு முடிய, அடுத்தது 42 விநாடிதான். டிரம்மும் அலறலும் தவிர வேறொன்றும் இல்லை. கடைசிப் பாட்டோ 11 நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. வரிகள் காதில் பிடிபடாது, அலறல்தான் வந்து விழும். வெறும் கோபம் என்று ஒதுக்குபவர்கள் அந்தக் கடைசிப் பாட்டு வரை பொறுமையாய்க் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அது காழ்த்துப்போன துக்கமாகத்தான் கேட்கிறது.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? வகையின் பெயராக வரும்போது மெட்டல்கோர் என்றே எழுதலாம்; ஜாஸையும் ராப்பையும் அப்படித்தானே எழுதுகிறோம். கட்டாயம் தமிழ்தான் வேண்டும் என்பவர்கள் ஹார்ட்கோரைக் காழிசை என்று சொல்லிப் பார்க்கட்டும். மெட்டல்கோருக்குக் 'கரும்பொற்காழ்' என்று நானே ஒன்று கட்டிப் பார்த்தேன். சித்த மருந்துப் புட்டியின் மேல் ஒட்ட வேண்டிய பெயர், கைவிட்டேன். ஆனால் 'ஹார்ட்கோர் ரசிகர்' என்று மட்டும் எழுத வேண்டாம். வைரம் பாய்ந்த ரசிகர் என்றால் எந்த ஊரிலும் புரியும்.