மஞ்சளுக்குப் புற்றுநோய் அடங்குமா?

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் காட்டில் விளைந்த மஞ்சளைத்தான் தினமும் பாலில் போட்டுக் குடிக்கிறோம். புற்றுநோய் வராதுதானே?"

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின். நூறு கிராம் மஞ்சளில் அது சராசரியாக 3 கிராம்தான் இருக்கும். புற்றுநோய் என்பது செல்கள் அடங்காமல் பெருகுவது என்பது பள்ளிப் பாடம். சரி, செல்லுக்குள் போவோம்.

அங்கே என்.எஃப்.கப்பா-பி என்றொரு புரதம் இருக்கிறது. அது உட்கருவுக்குள் நுழைந்தால் 'பெருகு, சாகாதே' என்கிற மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். அதனால் ஐ.கப்பா-பி என்ற இன்னொரு புரதம், மூக்கணாங்கயிறு போட்ட காளையைப் போல அதை வெளியிலேயே பிடித்து வைத்திருக்கிறது. கிருமியோ காயமோ வந்தால் ஐ.கே.கே என்ற நொதி அந்தக் கயிற்றின்மேல் பாஸ்பேட்டை ஒட்டும். பாஸ்பேட் ஒட்டிய கயிற்றைச் செல் சிதைத்துவிடும். காளை உள்ளே பாயும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவதுதான்: அந்தக் காளை விழிக்க வைக்கும் மரபணுக்களில் ஒன்று, புதிய ஐ.கப்பா-பி-யைச் செய்கிற மரபணு. தன்னைக் கட்டும் கயிற்றைத் தானே திரித்துக்கொள்கிறது! பல புற்றுநோய்களில் ஐ.கே.கே ஓயாததால் கயிறு திரிக்கத் திரிக்க அறுகிறது. ஆய்வகத் தட்டில் குர்குமினை விட்டால் ஐ.கே.கே அடங்கி, செல் பெருக்கமும் குறைகிறது.

தட்டில் நடப்பது வயிற்றில் நடப்பதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் குர்குமினை உடனே உருமாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன. ஓசூருக்கு அந்தப் பக்கம், பெங்களூரில் செய்யப்பட்டு 1998-இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அது தென்படவே இல்லை என்று சொல்லலாம். மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்ததும் உடலில் ஏறிய அளவு 20 மடங்கானது. ஆனால் அந்த 2 கிராமுக்கே 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். யார் குடிப்பது?

காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கா 1995-இல் கொடுத்த காப்புரிமையை எதிர்த்து முறையிட்டு, 1997-இல் ரத்து செய்ய வைத்தோம். நல்லதுதான். அதே வேகத்தில் நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கவும் அரசு பணம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். அந்த இடைவெளியில்தான் 'கீமோ வேண்டாம், மஞ்சள் போதும்' என்று விற்கிற கூட்டம் புகுந்துவிடுகிறது.

வாசகருக்குப் பதில்: மஞ்சள் பால் குடித்தால் புற்றுநோய் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை. பிடித்தால் குடியுங்கள். குர்குமின்-மிளகு மாத்திரை வேறு கதை. பைப்பரின் வேறு சில மருந்துகளையும் கல்லீரல் கழிக்க விடாமல் தடுக்கும். சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.